அந்த பாஸ் யாருடையது?

ஏதியிஸ்ட் குழுவின் இரண்டாம் ஆல்பமாக 1991-இல் வெளியான 'அன்குவெஸ்ச்சனபிள் பிரசன்ஸ்' என்ற ஆல்பத்தின் உறையில், பாஸ் கிட்டார் என்பதற்கு நேரே டோனி சோய் என்று போட்டிருக்கிறது. உறை பொய் சொல்லவில்லை. அதில் நாம் கேட்கும் விரல்கள் சோயுடையவைதாம். ஆனால் டெக்னிக்கல் டெத் மெட்டலில் ஊறிய யாரிடமாவது இந்த ஆல்பத்தின் பாஸ் பற்றிப் பேச்செடுத்தால் வரும் பெயர் வேறு: ரோஜர் பேட்டர்சன். அவர் இதில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. ஆல்பம் பதிவாகும் முன்பே, 1991 பிப்ரவரி 12 அன்று, லூசியானா மாநிலத்தில் நடந்த வேன் விபத்தில் இறந்துவிட்டார்.

இளம் வயதில் போய்ச்சேர்ந்த கலைஞரின் கணக்கில் எல்லாவற்றையும் வரவு வைப்பது ரசிக மனத்துக்கு எளிது. அனுதாபம் சாட்சியாகாது. உறையில் அச்சானதை மட்டும் நம்பி எழுதினாலும் அது ஆய்வாகாது. ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். இந்த பாஸ் வரிகளை யோசித்தவர் யார்? அதில் யோசித்தவர் பங்கு எவ்வளவு, வாசித்தவர் பங்கு எவ்வளவு? விடை தேடிப் போன வழியில், இந்த ஆல்பம் வெளியானபோது ஏன் எடுபடவில்லை என்ற இன்னொரு கேள்விக்கும் துப்புக் கிடைத்தது.

பாஸுக்கு என்ன வேலை?

வழக்கைப் புரிந்துகொள்ள, டெத் மெட்டலில் பாஸ் கிட்டாரின் நிலைமை தெரிய வேண்டும். அடித்தொண்டையிலிருந்து உறுமும் குரல், முறுக்கேற்றிய கிட்டார்கள், இரண்டு காலாலும் மிதிக்கும் டிரம்ஸ் என எல்லாமே ஓங்கி ஒலிக்கும் இசை இது. பாஸ் பெரும்பாலும் ரிதம் கிட்டார் வாசிப்பதையே ஒரு ஸ்தாயி கீழே நின்று வாசிக்கும். கூட்டத்தில் அதன் பங்கு கனம் சேர்ப்பது. இருந்தால் தெரியாது, எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைவதுபோல் இருக்கும்.

ஃப்ளோரிடாவின் சாரசோட்டாவிலிருந்து வந்த ஏதியிஸ்ட் குழுவில் பாஸ் இப்படி அடங்கி இருக்கவில்லை. கெல்லி ஷேஃபர் பாடி கிட்டார் வாசித்தார், ராண்ட் பர்க்கி இன்னொரு கிட்டார், ஸ்டீவ் ஃப்ளின் டிரம்ஸ், பேட்டர்சன் பாஸ். கிட்டார் ஒரு சொற்கட்டை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் பாஸ் புகுந்து ஓடும். கிட்டார் ஏறும்போது பாஸ் இறங்கும். சில இடங்களில் கிட்டாரைத் தனியே விட்டுவிட்டு டிரம்ஸோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் ஆல்பத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. எட்டுப் பாடல்கள், அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் தாளக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. கையில் தாளம் போட்டுக் கேட்கும் பழக்கமுள்ளவர், ஒரு பாடல் முடிவதற்குள் பலமுறை கையை நிறுத்தி எண்ணிக்கையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த ஓட்டத்தைக் கட்டியவர் யார் என்பதுதான் வழக்கு.

முதல் தடயம்: ஒரு தொகுப்புத் தட்டு

உறைகளிலிருந்து தொடங்கினேன். ஏதியிஸ்ட் என்ற பெயருக்கு முன் அந்தக் குழு ரேவேஜ் என்ற பெயரில் இயங்கியது. 1987-இல் 'ரேஜிங் டெத்' என்றொரு தொகுப்பு இசைத்தட்டு வந்தது. இன்னும் ஒப்பந்தம் கிடைக்காத இளம் குழுக்களின் பாடல்களைச் சேர்த்துப் போட்டது. ரேவேஜ் அதில் இருக்கிறது. பிற்பாடு ஒபிச்சுவரி என்று பெயர் பெற்ற எக்ஸிக்யூஷனர் குழுவும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சேடஸும் இருக்கிறது.

சேடஸைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பாஸ் கலைஞர் ஸ்டீவ் டிஜார்ஜியோ. நான்கு ஆண்டுகள் கழித்து டெத் குழுவின் 'ஹியூமன்' ஆல்பத்தில் வாசித்தவர் அவர். டெத் மெட்டலில் பாஸைத் தனிக்குரலாக்கியவர்கள் என்று யாரையாவது சொல்வதானால் பேட்டர்சனும் டிஜார்ஜியோவும் முதல் வரிசையில் வருவார்கள். அமெரிக்காவின் இரு கரைகளில் இருந்த அந்த இருவரும், பெயர் தெரியாத நாளில் ஒரே தட்டில் இடம்பிடித்திருக்கிறார்கள். பேட்டர்சனின் பாணி 1991-க்கு வெகு முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது முதல் ஆவணம். ரேவேஜ் அந்தத் தட்டுக்குக் கொடுத்த 'ஆன் தே ஸ்லே' பாடல் பிறகு ஏதியிஸ்டின் முதல் ஆல்பத்திலும் வருகிறது. ஆகவே ஒரே பாடலின் இரண்டு நிலைகளை ஒப்பிட முடிகிறது.

இரண்டாம் தடயம்: தேதிகளுக்கு இடையே ஒரு பள்ளம்

முதல் ஆல்பம் 'பீஸ் ஆஃப் டைம்'. அதன் வெளியீட்டு ஆண்டைப் பார்த்து வரலாறு எழுதினால் கணக்குத் தப்பும். அது டாம்பா நகரின் மாரிசவுண்ட் ஸ்டுடியோவில் ஸ்காட் பர்ன்ஸ் ஒலிப்பதிவில் 1988-இலேயே பதிவாகிவிட்டது. அமெரிக்கக் கடைகளுக்கு 1990-இல்தான் வந்தது. இடையில் ஐரோப்பாவில் ஆக்டிவ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது.

இந்தப் பள்ளம் எதைக் காட்டுகிறது? 1990-இல் அமெரிக்க ரசிகர் முதல் ஆல்பத்தைப் புதிதாக வாங்கிக் கேட்டபோது, குழு அந்த இசையை விட்டு நெடுந்தூரம் போய்விட்டது. இரண்டாம் ஆல்பத்தின் பாடல்கள் அப்போது ஒத்திகையில் இருந்தன. முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான தாவல் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததுபோல் வெளியே தெரிந்தது. உள்ளே அது படிப்படியாக, பேட்டர்சன் உயிரோடு இருந்த காலத்திலேயே நடந்தது. இரண்டாம் ஆல்பத்தின் புதுமைக்குப் புதிதாக வந்த ஆளே காரணம் என்று 1991-இல் யாராவது ஊகித்திருந்தால், அந்த ஊகத்தைத் தேதிகளே அடித்துவிடுகின்றன.

முதல் ஆல்பத்தின் ஆதரவுக்காக ஸ்வீடனின் கேண்டில்மாஸ் குழுவோடு பயணம் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் விபத்து நேர்ந்தது.

மூன்றாம் தடயம்: 1990-இன் ஒத்திகைப் பதிவு

ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும். அதனால் குழுக்கள் ஆல்பத்துக்கு முன்பாகவே பாடல்களைக் குறைந்த செலவில் பதிவு செய்து, எங்கே நீளம், எங்கே தடுமாற்றம் என்று பார்த்துக்கொள்ளும். ப்ரீ-புரொடக்‌ஷன் டெமோ என்பார்கள். ஏதியிஸ்ட் 1990-இல் அப்படி ஒன்றைச் செய்தது. பாஸ் பேட்டர்சன். 2005-இல் ரிலாப்ஸ் ரெக்கார்ட்ஸ் குழுவின் பழைய ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது இந்த டெமோ, ஆல்பத்தோடு சேர்ந்து வெளியானது. தலைப்புப் பாடல், 'என்த்ரால்டு இன் எஸன்ஸ்', 'ஆன் இன்கார்னேஷன்ஸ் ட்ரீம்' ஆகியவை அதில் இருக்கின்றன.

இந்த வகை இசையில் ஸ்வரத்தாள் எழுதி வைக்கும் வழக்கம் அநேகமாகக் கிடையாது. ஒத்திகை நாடாதான் இங்கே கையெழுத்துப் பிரதி. அச்சுப் புத்தகத்தையும் ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பாடம் பார்ப்பதுபோல, இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டம் போட்ட தாளில் மேல்வரிசையில் டிரம்ஸ் அடிகள், நடுவில் கிட்டார், கீழே பாஸ். ஒவ்வொரு பகுதிக்கும் டெமோவுக்கு ஒரு தாள், ஆல்பத்துக்கு ஒரு தாள்.

பாடல்களின் எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான். திருப்பங்கள் அதே இடத்தில் வருகின்றன. பாஸ் கிட்டாரை விட்டுப் பிரியும் இடங்கள், திரும்பி வந்து சேரும் இடங்கள், இடைவெளியில் ஓடும் ஓட்டங்களின் வடிவம் ஆகியவை பெரும்பாலும் பொருந்துகின்றன. வேறுபடுவது ஒலி. பேட்டர்சனின் தந்தி டெமோவில் கடகடக்கிறது. விரல் படும் சத்தமே ஒரு தாளக்கருவிபோல் இருக்கிறது. ஆல்பத்தில் சோயின் ஸ்வரங்கள் உருண்டு, துலக்கமாக, வேண்டிய இடத்தில் நீண்டு ஒலிக்கின்றன.

இதோடு வழக்கை முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்பார்: 'டெமோ மலிவுப் பதிவு, ஆல்பம் நல்ல ஸ்டுடியோ. ஒலி வேறுபாடு அறையால் வந்ததா, ஆளால் வந்ததா?'

ஒரே அறை, ஒரே ஆண்டு

அதற்குச் சோயின் மற்றப் பதிவுகள் வேண்டும். அதிர்ஷ்டவசமாக 1991-இன் மாரிசவுண்ட் ஓர் ஆய்வுக்கூடம்போலவே அமைந்துவிட்டது. ஜிம், டாம் மாரிஸ் சகோதரர்கள் நடத்திய இந்த ஸ்டுடியோவில்தான் அன்று டெத் மெட்டலின் பாதி உலகம் பதிவாகிக்கொண்டிருந்தது. சோய் மயாமியைச் சேர்ந்த சினிக் குழுவின் ஆள். அதே ஆண்டில் அவர் சினிக்கின் டெமோவில் வாசித்தார். நெதர்லாந்திலிருந்து வந்திருந்த பெஸ்டிலன்ஸ் குழுவின் 'டெஸ்டிமனி ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ்' ஆல்பத்திலும் வாசித்தார். இவற்றோடு ஏதியிஸ்ட். ஆக மூன்று குழுக்கள், ஒரே கை, ஒரே ஸ்டுடியோ. பெஸ்டிலன்ஸையும் ஏதியிஸ்டையும் பதிவு செய்தவரும் ஒருவரே, ஸ்காட் பர்ன்ஸ்.

பெஸ்டிலன்ஸ் ஆல்பத்தில் சோயின் ஒலியை உடனே அடையாளம் காணலாம். அந்த உருட்சி, அந்தத் துலக்கம் அங்கேயும் இருக்கிறது. ஆக ஒலி சோயுடையது. ஆனால் நடத்தை வேறு. அங்கே பாஸ் பெரும்பாலும் கிட்டாரோடு ஒட்டியே போகிறது. சமயம் கிடைத்தால் ஓரடி வெளியே வந்து ஓர் அழகு காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஏதியிஸ்ட் ஆல்பத்தில் கேட்கும் இடைவிடாத வாக்குவாதம் அங்கே இல்லை. குழு கேட்டதைக் கொடுக்கத் தெரிந்த தேர்ந்த கலைஞர் சோய். பெஸ்டிலன்ஸ் கேட்டது ஒன்று. ஏதியிஸ்டின் பாடல்கள் கேட்டது இன்னொன்று. அந்த இன்னொன்று அவர் வருவதற்கு முன்பே பாடலுக்குள் எழுதப்பட்டிருந்தது.

டிரம்ஸ் சொன்ன சாட்சி

கட்டத்தாள்களில் நான் எதிர்பாராத சாட்சி ஸ்டீவ் ஃப்ளின். முதல் ஆல்பம், டெமோ, இரண்டாம் ஆல்பம் ஆகிய மூன்றிலும் இருக்கும் ஒரே டிரம்மர் அவர். சாதாரண டெத் மெட்டல் டிரம்மர் கிட்டாரைப் பின்தொடர்வார். ஃப்ளின்னின் சிம்பல் அடிகளைக் குறித்துக்கொண்டு வந்தபோது, அவற்றில் பல கிட்டாரின் அழுத்தங்களோடு பொருந்தாமல் நின்றன. கீழ்வரிசையைப் பார்த்தால் நேர்கோட்டில் பாஸ். டெமோவிலும் அப்படி, ஆல்பத்திலும் அப்படி.

வழக்கைத் தீர்த்து வைத்தது இதுதான். பாஸ் கலைஞர் மாறியும் டிரம்ஸின் அழுத்தங்கள் இடம் மாறவில்லை என்றால், அவை பழைய பாஸ் வரிகளுக்காக அமைக்கப்பட்டவை. புதியவர் வேறு வரி வாசித்திருந்தால் ஃப்ளின்னின் அடிகள் அந்தரத்தில் தொங்கியிருக்கும். சோய் அந்தப் பூட்டுக்குள் சாவியாகப் பொருந்தினார். பூட்டைச் செய்தவர்கள் பேட்டர்சனும் ஃப்ளின்னும். பாஸ் யாருடையது என்று கேட்டுப் புறப்பட்டவனுக்கு, அது தனி ஒருவருடையது அல்ல, இருவர் சேர்ந்து கட்டியது என்று பதில் வந்தது. ரசிகர்கள் பேட்டர்சனுக்குக் கொடுக்கும் புகழில் ஃப்ளின்னுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும்.

மாற்றுச் சோதனையும் கைவசம் இருக்கிறது. இரண்டாம் ஆல்பத்துக்குப் பிறகு ஃப்ளின் படிப்பைத் தொடர விலகினார். குழு கலைந்தது. ஆனால் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இன்னோர் ஆல்பம் கடன் இருந்தது. 1993-இல் 'எலிமென்ட்ஸ்' அந்தக் கடனுக்காக மிகக் குறுகிய காலத்தில் உருவானது. ஷேஃபரும் பர்க்கியும் சோயும் இருந்தார்கள். டிரம்ஸுக்கு ஜோஷ் கிரீன்பாம் வந்தார். பேட்டர்சனும் இல்லை, ஃப்ளின்னும் இல்லை. நல்ல ஆல்பம், ஆனால் வேறு ஜாதி. முடிச்சுகள் தளர்ந்து, ஜாஸும் லத்தீன் நடையும் முன்னால் வருகின்றன. 'சம்பா பிரிசா' என்றே ஒரு கருவியிசைப் பாடல். சோயின் சொந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி வேண்டாம். அதை அளவுகோலாக வைத்து இரண்டாம் ஆல்பத்துக்குத் திரும்பினால், சோய் தன் பங்காகச் சேர்த்ததும் புலப்படுகிறது. மென்மையான பகுதிகளில் பாஸ் காட்டும் நெகிழ்வு, நீட்டி வாசிக்கும் ஸ்வரங்களின் குழைவு ஆகியவை அவர் கைவண்ணம். கடன் வாங்கிய வரிகளைக் காப்பி அடிக்காமல், உச்சரிப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அதற்கும் துணிவு வேண்டும்.

எடுபடாமல் போனதன் காரணம்

இனி வரவேற்பு. 1991 இறுக்கமான ஆண்டு. ஆகஸ்டில் மெட்டாலிகா தன் பெயரிலேயே ஆல்பம் போட்டது. செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்'. கடை அலமாரியில் மற்றவர்களுக்கு இடம் சுருங்கியது. ஆனால் டெத் மெட்டல் செத்துவிடவில்லை. மார்பிட் ஏஞ்சலின் 'பிளெஸ்ட் ஆர் தி சிக்', கேனிபல் கார்ப்ஸின் 'புட்சர்ட் அட் பர்த்' எல்லாம் அதே ஆண்டில் வந்தவை. ஏதியிஸ்ட் கேனிபல் கார்ப்ஸோடு அமெரிக்கப் பயணம் போனது. பிணமும் கத்தியும் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் மறுபிறவியையும் ஆன்மாவையும் பாடிய குழு. ரசிகர்கள் திகைத்து நின்றதையும் வெறுப்புக் காட்டியதையும் ஷேஃபர் பின்னாளில் பேசியிருக்கிறார்.

'காலத்துக்கு முந்திய ஆல்பம்' என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அது விளக்கம் ஆகாது. ஏனென்றால் அதே ஆண்டில், அதே ஸ்டுடியோவில், அதே ஸ்காட் பர்ன்ஸின் கையில், டெத் குழுவின் 'ஹியூமன்' உருவானது. சினிக்கிலிருந்து வந்த பால் மஸ்விடாலும் ஷான் ரெய்னர்ட்டும் அதில் வாசித்தார்கள். சிக்கலான இசைதான். ஆனால் அதற்கு வரவேற்பு இருந்தது. 'லேக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்' பாடலின் வீடியோ எம்டிவியின் மெட்டல் நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. காலம் ஒன்று, இடம் ஒன்று, விளைவு இரண்டு.

டெத் குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் அதற்குள் மூன்று ஆல்பம் போட்டுப் பெயரெடுத்தவர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒலிக்கலவையில் இருக்கிறது. 'ஹியூமன்' முதலில் வந்தபோது டிஜார்ஜியோவின் பாஸ் ஏறக்குறைய காதில் விழாது. 2011-இல் ரிலாப்ஸ் புதிய கலவையோடு மறுவெளியீடு செய்தபோதுதான் பலர் அதை முதன்முறை கேட்டார்கள். 1991-இன் ரசிகருக்கு 'ஹியூமன்' கிட்டாரும் டிரம்ஸும் நடத்திய ஆல்பம். அவர் காது பழகிய இடத்திலேயே எல்லாம் நடந்தது. தலையாட்டப் பிடிமானம் இருந்தது.

ஏதியிஸ்டின் ஆல்பத்தில் அந்தப் பிடிமானமே பாஸிடம் இருக்கிறது. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு போகிறவர் வழியில் தொலைந்துபோவார். டிரம்ஸ் பாஸோடு பேசிக்கொண்டிருக்கிறது. பாஸைக் கேட்கும் பழக்கமே இல்லாத கூட்டத்தின் முன், பாஸில் கதை சொன்ன ஆல்பம் அது. எனது முதல் கேள்வியும் இரண்டாம் கேள்வியும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பேட்டர்சனும் ஃப்ளின்னும் கட்டிய அந்த அச்சுதான் ஆல்பத்தின் சாதனை. அன்று அது விலைபோகாததற்குக் காரணமும் அதுவே.

பிறகு நிலைமை திரும்பியது. 2005 மறுவெளியீட்டுக்கு அடுத்த ஆண்டே குழு மறுபடி கூடி ஜெர்மனியின் வாக்கன் விழாவில் மேடையேறியது. சோயும் ஃப்ளின்னும் அதில் இருந்தார்கள். 2009-இல் அந்த நிகழ்ச்சி இரண்டாம் ஆல்பத்தின் பெயரையே தலைப்பில் தாங்கிய நேரலைப் பதிவாக வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாஸ் தனியாகப் பேசும் மெட்டல் குழுக்கள் பெருகியிருந்தன; ரசிகர்களின் காது கீழ்த்தந்திக்குப் பழகியிருந்தது. ஆல்பத்தில் ஒரு ஸ்வரம் மாறவில்லை. கேட்பவர்கள் மாறினார்கள்.

தீர்ப்பை இப்படி எழுதலாம்: அமைப்பு பேட்டர்சன், ஃப்ளின், உச்சரிப்பு சோய். உறை வாசித்தவரை மட்டும் பதிவு செய்கிறது. அது அதன் வேலை. இந்த இசையின் வரலாற்றை எழுத வருபவர் உறையோடு நிற்காமல் ஒத்திகை நாடாவையும் கேட்க வேண்டும். ஒரு ஆள் மாறியபோது மற்றவர்கள் எதை மாற்றாமல் வைத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதே சோதனைக்கு அடுத்து நிற்பது 'ஹியூமன்'. அதன் 'காஸ்மிக் ஸீ' பாடலில் டிஜார்ஜியோ பாதியும் ஸ்காட் கரினோ பாதியுமாக இரண்டு பேர் பாஸ் வாசித்திருக்கிறார்கள். 2011 கலவை வந்தபின் அந்த ஒட்டு எங்கே என்று தேட நமக்குக் காதும் இருக்கிறது, முறையும் இருக்கிறது.